குவைத்தா, சிங்கப்பூரா, பெங்களூரா? வீட்டு வேலைக்குக் கிளம்பும் முன் கடனைக் கணக்குப் போடுங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வெளிநாட்டு வீட்டு வேலை பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வரும் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். பீடி சுற்றியும், தீப்பெட்டி ஒட்டியும், ஷூ கம்பெனியில் தைத்தும் குடும்பம் நடத்தும் பெண் அதை முதலில் கேட்பது நியாயம். ஆனால் முடிவெடுக்க அந்த ஒரு கேள்வி போதாது. அதோடு சேர்த்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அந்த வீட்டில் சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ, கை நீட்டினாலோ, அங்கிருந்து கிளம்பி வர முடியுமா? அப்படிக் கிளம்பி வந்தால், ஊரில் கடன் கொடுத்தவர் என்ன செய்வார்?

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எங்கள் பகுதி மகளிர் குழுப் பெண்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது என்று இந்த விஷயத்தோடு நீண்ட நாள் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஒரு நாட்டுச் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஊரில் அஞ்சு வட்டிக்கு வாங்கிய பணம் பாக்கி இருக்கும் பெண் அந்தச் சட்டத்தைத் தொடவே மாட்டாள். பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். அதனால் நாடுகளை ஒப்பிடும்போதே கடனையும் சேர்த்து ஒப்பிடுகிறேன்.

பாஸ்போர்ட்டும் படிப்பும்

எல்லா வழியும் எல்லோருக்கும் திறந்திருக்காது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அப்படியானால் குவைத், சவுதி, அமீரகம், ஓமன், கத்தார், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016 முதல் இப்படிப்பட்ட பெண்களைத் தனியார் ஏஜென்ட்டுகள் அந்த நாடுகளுக்கு அனுப்பக் கூடாது. நர்ஸ் வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு நிறுவனங்கள்தான் அனுப்பலாம். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978-லிருந்து இயங்கும் அரசு நிறுவனம் அது. ஆனால் எங்கள் ஊர்களில் ஏஜென்ட் பெயரைத் தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அதன் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் இல்லை. ஆனால் சிங்கப்பூருக்கு அதன் சொந்த நிபந்தனைகள் உண்டு: விண்ணப்பிக்கும்போது வயது 23-க்குக் குறையக் கூடாது, 50-க்கு உட்பட்டிருக்க வேண்டும், குறைந்தது 8 ஆண்டு பள்ளிப்படிப்பு, அதற்குச் சான்றிதழ். அஞ்சாவதோடு பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கதவு அப்போதே சாத்தியாகிவிட்டது. போலிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அங்கே பிடிபட்டால் தண்டனை வேலை செய்யப் போன பெண்ணுக்குத்தான்.

பத்தாவது தேறியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருக்காது. வளைகுடாவுக்குப் போவது சுலபம். ஆனால் மேலே சொன்ன அரசுக் கண்காணிப்பும், அதோடு வரும் கட்டாய இன்சூரன்ஸும் தானாக வராது. படித்த பெண் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்ற எண்ணத்தில் போட்ட விதி அது. ஒரு வீட்டுக்குள் போய்க் கதவு மூடிய பிறகு பத்தாவது மார்க் ஷீட் என்ன செய்யும் என்று எனக்குப் புரியவில்லை.

குவைத்: சட்டம் உண்டு, வீட்டுக்குள் வருவதில்லை

எங்கள் பக்கம் 'கத்தாமா வேலை', 'காதிம் விசா' என்று சொல்வது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போவதைத்தான். வளைகுடா நாடுகளிலேயே வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று முழுமையான தனிச் சட்டம் முதலில் போட்டது குவைத். 2015-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டம். அதன்படி நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை, வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கணக்குப் போட்டுத் தர வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆள் எடுக்கும் செலவைப் பெண்ணிடம் வாங்கக் கூடாது. 2016-ல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று அறிவித்தார்கள். இன்றைய மதிப்பில் 17,000 ரூபாய்க்கு மேல். 2021-ல் வீட்டுப் பணியாளர்களுக்காக இந்தியாவும் குவைத்தும் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டன.

படிக்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 12 மணி நேரத்தை யார் எண்ணுவது? விசா கபீலின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரில் இருக்கிறது. கபீல் சம்மதிக்காமல் வேறு வீட்டுக்கு மாறுவது மிகவும் கடினம். வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் 'ஓடிப்போய்விட்டாள்' என்று கபீல் ஒரு புகார் கொடுத்தால் போதும். பத்தாக்கா (அந்நாட்டு அடையாள அட்டை) செல்லாது, பெண்ணே குற்றவாளி ஆகிவிடுகிறாள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான வீடுகளில் அது முதலாளியின் பீரோவில்தான் இருக்கிறது. நமது தூதரகத்தில் அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்குத் தங்கும் இடம் உண்டு. இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பவும் முடியும். ஆனால் அங்கே போய்ச் சேர்வது அவள் பொறுப்பு.

குவைத் வழியில் பாதுகாப்பு அதிகம் இருப்பது இந்தியப் பக்கம்தான். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு முறையாகப் போனால் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் என்ன என்று பதிவாகிவிடும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் கட்டாயம்: 2 வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். பின்னால் ஒரு புகார் கொடுக்க நேர்ந்தால் இந்தப் பதிவுதான் ஆதாரம். முறையில்லாமல் போனால் இதில் ஒன்றும் கிடையாது.

முறையில்லாமல் போவது எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். "முதல்ல விசிட் விசாவுல துபாய் போயிடும்மா, அங்கிருந்து மாத்திக்கலாம்" என்பார்கள். விசிட் விசாவில் வேலை செய்வதே அங்கே குற்றம். அந்தப் பெண்ணை துபாயிலிருந்து ஓமனுக்கோ வேறு நாட்டுக்கோ கைமாற்றி அனுப்பினால், அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்குத் தாள் ஒன்றும் இருக்காது. மஸ்கட்டில் மாட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் அழுது வீடியோ அனுப்பிய பெண்கள் பலரும் இப்படிப் போனவர்கள்தான். விசிட் விசா என்ற சொல் வந்தால் போகாதீர்கள். எவ்வளவு சம்பளம் சொன்னாலும் சரி.

அமீரகத்திலும் 2022-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளுக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக, வருஷத்துக்கு 30 நாள் லீவு. சவுதியோடு வீட்டுப் பணியாளர்களுக்காக 2014-லேயே இந்தியா ஒப்பந்தம் போட்டது. தாளில் எல்லா நாடும் முன்னேறியிருக்கிறது. கபீல் முறை என்ற அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் தனித்தனியாக இழுக்கவில்லை.

சிங்கப்பூர்: அங்கே பலம், இங்கே பலவீனம்

சிங்கப்பூரின் நிலை இதற்கு நேர்மாறு. வீட்டுப் பணிப்பெண்கள் அந்நாட்டின் பொதுவான வேலைச் சட்டத்துக்குள் வருவதில்லை; வெளிநாட்டு ஊழியர்களுக்கான தனிச் சட்டத்துக்குள் வருகிறார்கள். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. வேலை நேரத்துக்கும் உச்ச வரம்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் சொன்னதைச் செய்ய வைக்கும் அரசு அங்கே இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளில் வேலை செய்யச் சம்மதித்தால் குறைந்தது ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. வெளியே விட்டே ஆக வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெளியே வரும் பெண்தான் இன்னொரு பெண்ணிடம் பேசுகிறாள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகிறாள், தன் வீட்டில் நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்கிறாள்.

முதலாளி 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ், ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்தை மாதம் முடிந்து 7 நாளுக்குள் தர வேண்டும். "உன் பணத்தை நானே பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்வதும் 2019 முதல் விதிமீறல். பாஸ்போர்ட்டையும் வேலை பெர்மிட்டையும் பிடித்து வைப்பது தவறு. பணிப்பெண்ணை அடித்தால், மற்றவர்களை அடித்ததற்குக் கிடைக்கும் தண்டனையைப் போல இரண்டு மடங்கு வரை நீதிமன்றம் தரலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் மனிதவள அமைச்சிலோ போலீஸிலோ வாய் திறந்து பேச முடியும். வீட்டுப் பணியாளர்களுக்காகவே தொழிற்சங்கத் தரப்பு 2016-ல் தொடங்கிய மையம் ஒன்றும் அங்கே உண்டு.

குறைகளும் சின்னவை இல்லை. பெர்மிட்டில் போட்ட முகவரியில், போட்ட முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். மேடத்தின் அக்கா வீட்டில் போய்த் துடைத்துக் கொடுப்பதும் கூடாது. அனுப்பினால் தவறு முதலாளியுடையது. நீங்களாகப் பகுதிநேர வேலை பிடித்தால் தவறு உங்களுடையது. வீடு மாற இப்போதைய முதலாளி சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். கொடுமை நடந்ததாக அமைச்சு ஏற்றுக்கொண்டால் வேறு வீடு தேட அனுமதிப்பது உண்டு. 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் சேர்த்தி. கர்ப்பம் என்று தெரிந்தால் பெர்மிட் ரத்து. இதை ஏஜென்ட்டுகள் முன்கூட்டியே சொல்வதில்லை.

இந்தியப் பக்கத்தில்தான் ஓட்டை. சிங்கப்பூருக்கு அந்த அரசு அனுமதி தேவையில்லை என்பதால் கட்டாய இன்சூரன்ஸும் இல்லை, பதிவு பார்த்து அனுப்பும் அதிகாரியும் இல்லை. ஆனால் ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு எந்த நாடாக இருந்தாலும் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். இமைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் சில நிமிட வேலை இது.

ஹாங்காங் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தை அரசே வைக்கிறது (2025 செப்டம்பர் இறுதியிலிருந்து 5,100 ஹாங்காங் டாலர்). ஏஜென்சி பெண்ணிடம் வாங்கக்கூடியது முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதம் மட்டும். சட்டத்தைப் பார்த்தால் அதுவே முதலிடம். ஆனால் முன் அனுபவம் கேட்பார்கள், ஆங்கிலமோ சீனமோ வேண்டும். வேலையை விட்டால் இரண்டே வாரத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் தடவை கிளம்புபவருக்கு எட்டாத வழி. சிங்கப்பூரில் சில வருஷம் இருந்தவர்கள் யோசிக்கலாம்.

பெங்களூர், சென்னை: பக்கத்தில்தான், ஆனால் தாள் ஒன்றும் இருக்காது

காட்பாடியிலிருந்து லால்பாக் ரயில் ஏறினால் அன்று இரவே போய்விடலாம் என்பதால் பெங்களூரை வெளிநாட்டோடு யாரும் ஒப்பிடுவதில்லை. ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்கள் மாதம் 15,000-க்கு மேல் கேட்டு வாங்குகிறார்கள். சாப்பாடும் இடமும் தனி. குவைத்தின் 60 தினாரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உரிமை என்று பார்த்தால், வீட்டு வேலைக்கு நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. 2011-ல் வந்த வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்பாட்டையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. கர்நாடகம் 2004-லேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வைத்தது. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018-ல் மணிக்கு 37 ரூபாய் என்று கூலி நிர்ணயித்தார்கள். வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மகப்பேறுக்கு உதவித்தொகையும் 60 வயதில் ஓய்வூதியமும் உண்டு. வேலூர் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டால் பதியும் வழி சொல்வார்கள். அந்த வகையில் சென்னையில் வேலை என்றால் பெங்களூரை விட ஒரு படி மேல். வாரிய அட்டை நம் மாநிலத்துக்குத்தான்.

வேலை செய்யும் வீட்டில் தப்பாக நடந்துகொண்டால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் வீட்டுப் பணியாளரும் புகார் கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் விடப் பெரிய உரிமை ஒன்று பெங்களூரில் இருக்கிறது. வேலை சரியில்லையா, பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். பாஸ்போர்ட் இல்லை, கபீல் இல்லை, பெர்மிட் இல்லை. நூறு, இருநூறு ரூபாய் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

அதைக் கெடுப்பது அட்வான்ஸ். "முப்பதாயிரம் முன்பணம் தர்றோம், கழிச்சு முடிக்கிற வரைக்கும் போகக் கூடாது" என்று சொல்லும் வீடும் இருக்கிறது, ஆள் பிடித்துக் கொடுப்பவரும் இருக்கிறார். எங்கள் பக்கம் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருளர் குடும்பங்களை இப்படித்தான் கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள்; வருவாய்க் கோட்டாட்சியர் போய் மீட்ட கதைகள் எல்லோரும் கேட்டதுதான். முன்பணத்தைக் காட்டி, குறைந்த கூலிக்கு, வெளியே போக விடாமல் வேலை வாங்கினால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போய்விடுகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. செங்கல் சூளைக்கும் அபார்ட்மென்ட் வீட்டுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

பணம் எங்கே புரட்டுவது

முதலில், எவ்வளவு பணம் தேவை என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் இந்தியாவில் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. அதையும் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்க வேண்டும். குவைத்துக்கு 80,000 கேட்கிறார் என்றால், பேச்சு தொடங்கும்போதே சட்டத்தை மீறிவிட்டார் என்று அர்த்தம். சிங்கப்பூர் ஏஜென்சி தன் பங்குக்கு, ஒப்பந்த வருஷம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் 2 மாதச் சம்பளம் வாங்கலாம். ஒரு பேச்சுக்குச் சம்பளம் 550 வெள்ளி என்று வைத்தால் 1,100 வெள்ளி, 70,000 ரூபாய்க்கு மேல். 6 மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால், அதில் பாதியையாவது ஏஜென்சி திருப்பித் தர வேண்டும். இது தெரியாமல் முழுப் பணத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, 80,000 ரூபாய் புரட்ட வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம்.

மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் என்றால், 3 லட்சம் வரை 7 சதவீதம்தான். மாதம் 470 ரூபாய்க்குள் வட்டி. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்தால் ஆண்டுக்குப் 10 சதவீதத்தை ஒட்டி வரும். மாதம் 670 ரூபாய் அளவு. வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,400. அஞ்சு வட்டி என்றால் 4,000. குவைத்தில் 60 தினார் சம்பாதித்து அஞ்சு வட்டி கட்டும் பெண், 2 வருஷ ஒப்பந்தம் முடியும்போது 96,000 ரூபாய் வட்டியாகவே கொடுத்திருப்பாள். அசல் 80,000 அப்படியே நிற்கும். அவள் எப்படி மூன்றாவது மாதத்தில் "எனக்கு இந்த வீடு வேண்டாம்" என்று சொல்வாள்?

நகைக்கடனில் போகும் பெண்ணுக்கு மோசமான நிலைமை வந்தாலும் நகை போகும், அவ்வளவுதான். ஆள் வந்து வீட்டு வாசலில் உட்கார மாட்டார். அதனால் கையில் கொஞ்சம் நகை இருந்தால் அதுதான் என் முதல் சிபாரிசு. தாலிக்கொடியை வைக்க மனசு வராது என்று தெரியும். ஆனாலும் அஞ்சு வட்டிக்கு அதுவே மேல்.

வாரக் கடன் தரும் நிதி நிறுவனங்கள் பற்றி இரண்டு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல்தான் இந்தக் கடனைத் தர வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. வட்டியும் வெளிவட்டியை விடக் குறைவு. இருந்தாலும் வெளிநாடு போக இந்தக் கடனை வாங்காதீர்கள் என்பேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது தவணை தவறினால், நெருக்கடி உங்களோடு குழுவில் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு. கடல் தாண்டி உட்கார்ந்து அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

"கையில ஒரு ரூபா வேணாம்மா, சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்பது இன்னொரு வழி. சிங்கப்பூர் போகும் பலர் இப்படித்தான் போகிறார்கள். முதல் சில மாதச் சம்பளம் கடனுக்கே போய்விடும். ஒரு விதத்தில் இது கந்துவட்டியை விட நல்லது: ஊரில் யாருக்கும் பாக்கி இல்லை. ஆனால் எத்தனை மாதம், மாதம் எத்தனை வெள்ளி என்று தாளில் எழுதி வாங்காமல் போகாதீர்கள். பிடிப்பு நடக்கும் மாதங்களிலும் கையில் கொஞ்சமாவது காசு வருமா என்று கேளுங்கள். ஊரில் பிள்ளைகள் அந்த மாதங்களில் எதைச் சாப்பிடும் என்பது ஏஜென்ட்டின் கவலை இல்லை, உங்கள் கவலை.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்யப்பட்டவை. 3 வருஷம் வரை சிறை உண்டு. கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டுவதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் வட்டிக்கு விடுபவர் நம் தெருக்காரராக இருக்கும்போது சட்டம் இருந்தும் யாரும் போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

போன இடத்தில் கடன்

சிங்கப்பூரில் லைசென்ஸ் பெற்ற வட்டிக்கடைகள் உண்டு. வருஷ வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவான வெளிநாட்டவர் எல்லாக் கடைகளிலும் சேர்த்து 500 வெள்ளிக்கு மேல் வாங்க முடியாது. வட்டி மாதம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் நாலு வட்டி. அதோடு 10 சதவீதம் வரை கட்டணமும் பிடிக்கலாம். சட்டப்படியானது என்பதால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கே முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ போன் செய்தோ கடன் தருகிறேன் என்று கூப்பிடக் கூடாது. அப்படிக் கூப்பிட்டால் அவர் சட்டவிரோத ஆள், இல்லாவிட்டால் மோசடிக்காரர். பெர்மிட் படம், சிங்பாஸ் (அந்நாட்டு அரசின் இணைய அடையாளக் கணக்கு) பாஸ்வேர்ட், மேடத்தின் போன் நம்பர் மூன்றையும் கேட்பார். கொடுத்தால் பணம் கட்டிய பிறகும் விட மாட்டார். உங்கள் ஏ.டி.எம். கார்டையோ வங்கிக் கணக்கையோ அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்து உதவினால், கடன் வாங்கியவர் என்ற நிலை போய்க் குற்றத்துக்குத் துணை போனவர் ஆகிவிடுவீர்கள். அதற்குச் சிறையும் 30,000 வெள்ளியில் தொடங்கும் அபராதமும் உண்டு. தோழிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். குவைத்திலும் அமீரகத்திலும் கடன் பாக்கி வழக்காகிவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பவே தடை போட முடியும்.

யாருக்கு எது

எட்டாவது வரை படித்துச் சான்றிதழ் இருக்கிறது, வயது 23-லிருந்து 50-க்குள், நகைக்கடனோ குழுக் கடனோ கிடைக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் உண்டு என்றால் சிங்கப்பூர். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

படிப்பு குறைவு, வயது 30-க்கு மேல் என்றால் குவைத் போகலாம். ஆனால் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக மட்டும். அங்கே இப்போது வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்றால் காத்திருங்கள், தனியார் வழியில் போகாதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பாருங்கள்.

வெளிவட்டிக்கு வாங்கினால்தான் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் எந்த நாட்டுக்கும் இப்போது போக வேண்டாம். அட்வான்ஸ் வாங்காமல் பெங்களூரில் ஒரு வருஷம் வேலை செய்து சேர்த்துக்கொண்டு பிறகு கிளம்புங்கள். சம்பளம் குறைவாகத் தெரியும். அஞ்சு வட்டியைக் கழித்துப் பார்த்தால் குவைத்தை விடக் கையில் நிற்பது அதிகம். கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் ஒப்பந்தம், விசா, ஏஜென்ட் ரசீது, பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் சிக்கல் என்றால் இங்கிருந்து குடும்பத்தார் 1800 11 3090 என்ற மத்திய அரசின் இலவச எண்ணுக்குப் பேசலாம், வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் இணையதளத்தில் புகார் பதியலாம், மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு மனு கொடுக்கலாம். மூன்றுக்கும் அந்த நகல்கள்தான் கேட்பார்கள்.

ஏற்கெனவே வெளிவட்டிக்கு வாங்கிவிட்டுப் போனவர்களும் இதைப் படிக்கலாம். புரோநோட்டில் தொகை எழுதாமல் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார்கள், கூடவே ஒரு வெற்றுக் காசோலை. பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் வங்கி வழியாகவே, கடன் கொடுத்தவர் பெயருக்கே அனுப்புங்கள். கணவரிடமோ தம்பியிடமோ கொடுத்து ரொக்கமாகக் கட்டச் சொல்லாதீர்கள். கடன் முடிந்த அன்றே புரோநோட்டையும் காசோலையையும் திரும்ப வாங்கி வீட்டில் இருப்பவரைக் கிழிக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டோடு திங்கட்கிழமை வேலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.